ஏழாம் தொட்டியில் இருப்பு

1958-ஆம் வருஷத்துச் சீசனில் குற்றாலத்தில் ஒருவர் தன் சொந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குக் கட்டணம் பன்னிரண்டு நயா பைசா. கைக்குழந்தைகளுக்கு இலவசம், ஆனால் கைக்குழந்தை எதுவும் அங்கே முகத்தை விட்டுப் போனதாகத் தகவல் இல்லை. முந்தின வருஷம் வரை அது இரண்டணாவாக இருந்தது. இரண்டணாவுக்குச் சரியாகப் பன்னிரண்டரை நயா பைசா ஆகிறது, அந்த அரைப் பைசாவைச் சர்க்கார் விட்டுக்கொடுத்துவிட்டது என்று தென்காசி வியாபாரிகள் கொஞ்ச நாள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். முகம் மலிந்துவிட்டது என்று யாரும் வருத்தப்படவில்லை.

முகம் பார்க்கிற இடமாக அதை யாரும் கட்டவில்லை. பேரருவிக்குப் போகிற பாதையில் 1956 ஆனியில் திறந்த அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு ‘வட்டார நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலை’ என்று பெயர். பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள். மேற்கு மலையிலும் சிற்றாற்றிலும் பிறந்து வளர்ந்தவை மட்டுமே அவற்றில் இருக்கலாம் என்பது விதி. விரால், குறவை, கெளுத்தி, ஆரால், அயிரை, விலாங்கு, கல் நண்டு, நாலு ஆமை. குழம்பில் பார்த்த மீனைக் காசு கொடுத்துக் கண்ணாடியில் எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதை நடத்திய மீன் இலாகாவிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் எண்ணெய் வழியாக வந்தது.

குற்றாலத்தில் குளிப்பது என்றால் வந்தவுடன் அருவிக்கு அடியில் போய் நிற்பது அல்ல. முதலில் பாறையில் உட்கார்ந்து உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேய்க்கிற ஆட்கள் அறைந்து, முறுக்கி, எலும்புக்கு எலும்பு விலாசம் கேட்டு விட்டபின், அரைமணி நேரம் எண்ணெய் ஊற வேண்டும். ஊறாத எண்ணெய் உடம்புக்கும் சேராது, கொடுத்த கூலிக்கும் சேராது. அந்த அரைமணி நேரத்தை எங்கே கழிப்பது என்பது அந்த ஊரின் நெடுநாள் பிரச்சினை. சாரலில் நின்றால் எண்ணெய் கரைந்துபோகும். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் பெஞ்சு பாழாகிறது என்று விரட்டுவார்கள். காட்சிச்சாலையில் கூரை இருந்தது, பாழாகிற அளவுக்குச் சாமான் எதுவும் இல்லை. ஆகவே ஆண்கள் இடுப்பில் ஒரு துண்டோடும் பெண்கள் பழஞ்சேலையோடும் எண்ணெய் சொட்டச் சொட்ட டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள். உயிரினங்களைப் பற்றி மக்களுக்கு ஆர்வம் பெருகிவிட்டது என்று இலாகா மேலிடத்துக்கு எழுதியது.

கண்ணாடி துடைக்கவும் டிக்கெட் கிழிக்கவும் பிச்சம்மாளை எடுத்திருந்தார்கள். அவள் அதற்குமுன் அருவிப் பாதையில் சீயக்காய்ப் பொடியும் பயற்றமாவும் பொட்டலம் கட்டி விற்றவள். எண்ணெயை எடுக்கத் தெரிந்தவள் என்பதுதான் தகுதி. சீசன் நாலு மாதம் பொட்டலம் விற்றாள் சரி, மற்ற எட்டு மாதம் எதைச் சாப்பிட்டாள் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் அந்த எட்டு மாதத்துக்கு மறுபடி போகக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு துடைத்தாள். வேலை தற்காலிகம். வருஷத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்துத் தாள் வரும். அதிலும் தற்காலிகம் என்றே இருக்கும்.

ஏழாம் தொட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. அதில் இருந்தது விரல் நீளத்து மீன். கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். நிறமும் கல், குணமும் கல். காசு கொடுத்தவன் மீனைப் பார்க்காமல் நகரமாட்டான் என்பதால், எல்லோரும் நெற்றியையும் மூக்கையும் கண்ணாடியில் அழுத்தி அதைத் தேடினார்கள். 1956 ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம் பிச்சம்மாள் துடைத்தபோது ஒரு முகம் மட்டும் போகவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுத்திய முகம், அந்தப் பக்கம், தண்ணீருக்குள் ஒட்டியிருந்தது. எட்டாம் நாள் அது, ஆறின பாலில் ஆடை விலகுவதுபோலக் கண்ணாடியை விட்டு விலகி, நிமிர்ந்து மிதந்து, இரண்டு தரம் கண்ணைக் கொட்டி, மீனை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தது. மீன்கள் இரண்டு நாள் ஒதுங்கி இருந்தன. மூன்றாம் நாள் வந்து அதன் கன்னத்து எண்ணெயைக் கொறித்தன.

எல்லோர் முகமும் ஒட்டிவிடவில்லை. பார்க்கிற நேரத்தில் தொழில், வழக்கு, வட்டி, சம்பந்தி எல்லாவற்றையும் மறந்து, மீனை மட்டும் பார்த்தவர்கள் முகம்தான் ஒட்டியது. வியாபாரிகள் நிறைந்த வட்டாரம் என்பதால் ஏழு வருஷத்தில் முப்பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். முகத்தை விட்டுப் போனவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூக்கும் வாயும் இருந்த இடத்தில் இருந்தன, சாப்பாடு இறங்கியது, பெண்டாட்டிக்கு அடையாளம் தெரிந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியில் மட்டும் முகம் தெரியாது. சட்டைக் காலர் தெரியும், தலைப்பாகை தெரியும், நடுவில் பின்சுவர் தெரியும். சவரக்கடைகளில் அவர்களுக்குத் தடவிப் பார்த்தே சவரம் செய்தார்கள். கூலி அதேதான்.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே பாத்திரக்கடை வைத்திருந்த நாறும்பூநாதன் 1957 ஆடியில் முகத்தை விட்டுவந்தார். அப்படி எதையும் எங்கும் விட்டுவருகிற ஆள் அவர் இல்லை. செருப்பைக்கூடக் கோயில் வாசலில் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் போடுகிறவர். ஆனால் அன்றைக்கு, மனைவி கோமதியம்மாள் பக்கத்தில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருக்க, கல்லிலிருந்து ஒரு மீன் வாலை ஒருமுறை அசைத்தது. அவருக்கு மறந்துபோயிற்று. மறுநாள் கடை திறந்தபோது, புளி போட்டுத் துலக்கி அடுக்கின நூற்றுச் சொச்சம் பித்தளைக் குடங்களில் கணக்குப்பிள்ளை பரமசிவன் முகம் தெரிந்தது, வாங்க வந்தவர்கள் முகம் தெரிந்தது, முதலாளி முகம் ஒரு குடத்திலும் இல்லை. குடம் மங்கல் என்று சொல்லி வந்தவர்கள் விலையை இறக்கினார்கள். எட்டு நாள் பொறுத்துவிட்டு ஒன்பதாம் நாள் அவர் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். பிச்சம்மாள் டிக்கெட் புத்தகத்தை எடுத்தாள்.

“எம் மூஞ்சியப் பாக்க எனக்கே டிக்கெட்டா?”

“மூஞ்சி ஒங்களுது அண்ணாச்சி. தண்ணி கவர்மெண்டுது.”

“அப்ப மூஞ்சிய மட்டும் எடுத்து வெளிய குடு. நான் ரோட்டுல வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

“தண்ணிக்குப் பழகிட்டு. வெளிய எடுத்தா நிக்குமா நிக்காதான்னு என்னால சொல்ல முடியாது. நாளப்பின்ன நீங்க எங்கிட்டதான சண்டைக்கு வருவிய.”

“ஒரு மூஞ்சிக்கு எதுக்குட்டி முழு டிக்கெட்டு? மத்த பதினோரு தொட்டியும் எனக்கு வேண்டாம். கண்ண மூடிக்கிட்டே ஏழாம் தொட்டிக்குப் போறேன். அரை டிக்கெட்டாப் போடு.”

“கண்ண மூடிக்கிட்டுப் போறவங்களுக்குன்னு சர்க்கார் தனி ரேட்டு போடலயே.”

முக்கால் மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் முழுக் காசு கொடுத்தார். ஆனால் ஒரு டிக்கெட்டுக்குச் சாயங்காலம் ஆறு மணி வரை உள்ளே இருக்கலாம் என்று பேசி முடித்ததால் தோற்றுவிட்டதாக அவர் நினைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துவந்து அதே இடத்தில் முகத்தை அழுத்தி, போனதைத் திரும்ப வாங்கவும் முயன்றார். தொட்டிக்குள் இருந்தது மெதுவாக வந்து, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஆளைக் கடைக்காரர் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது. திரும்பக் கல்லுக்குப் போய்விட்டது. அவர் அதோடு விட்டுவிட்டார். கடையில் ‘பாத்திரம் அசல், முதலாளி முகம் தெரியாது’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். வியாபாரம் பழையபடி நடந்தது.

தொட்டியில் இருந்த முகத்தைக் கோமதியம்மாள் முதல் தடவை அவரோடு வந்து பார்த்தாள். புருவம் தளர்ந்து, வாய் சற்றே திறந்து, எதற்கும் விலை கேட்காமல் இருந்தது அது. “இருபது வருஷமா இந்த மனுஷனோட இருக்கேன். இந்த மூஞ்சிய எங்கிட்ட ஒருநாளும் காட்டினதில்ல,” என்று பிச்சம்மாளிடம் சொன்னாள். நாறும்பூநாதன் பக்கத்தில்தான் நின்றார். “நீ எப்பம் வாலை ஆட்டினே?” என்று கேட்டார். அதற்கு அவள் சிரித்தாள் என்று பிச்சம்மாள் சொல்வாள். முறைத்தாள் என்று கூட வந்திருந்த பரமசிவன் சொல்வார்.

1961 ஐப்பசியில் நாறும்பூநாதன் கடையில் தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து இறந்துபோனார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினார்கள். கல்யாணப் படத்தைக் கரையான் தின்றிருந்தது. முகத்தை விட்டுவந்த பிற்பாடு எடுத்த படங்களில் கோட்டும் துண்டும் கைக்கடிகாரமும் துல்லியமாக விழுந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் போட்ட மாலை தொங்குவதற்குத் தோள் இருந்தது, அவ்வளவுதான். பதினாறு முடிந்ததும் கோமதியம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில் குற்றாலத்துக்கு வந்தாள். பேரம் பேசாமல் டிக்கெட் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் அது முதல் தடவை. ஏழாம் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்துக்குச் சாவுச் செய்தி எதுவும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் ஒரு செவ்வாய் தவறவில்லை.

1963-இல் ஓர் உத்தரவு வந்தது. வெளியூர்ப் பார்வையாளர் ஒருவர், மீன் பார்க்கப் போன இடத்தில் உள்ளூர்க்காரர்கள் முகம் மறைக்கிறது என்று புகார் எழுதியிருந்தார். பார்வையாளர் முகங்களை அப்புறப்படுத்தித் தொட்டியைச் சுத்தமாக வைக்க வேண்டும். பதினைந்து நாளில் ஆய்வாளர் வந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் துப்புரவுப் பணியாளருக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள். பிச்சம்மாள் தாளை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டி மூன்றாம் தடவை தானே படித்தாள். இரண்டு பேர் படித்ததும் சரியாகத்தான் இருந்தது.

முகத்தை எப்படி எடுப்பது என்பது அவளுக்குத் தெரியும். 1960-இல் கைதவறிச் சீயக்காய்ப் பொடி கொஞ்சம் ஏழாம் தொட்டிக்குள் விழுந்தது. செங்கோட்டை மரக்கடைக்காரர் ஒருவருடைய முகம் அதில் பட்டு, நுரை அடங்குவதுபோல மெலிந்து, தண்ணீராகிப் போயிற்று. அவர் அடுத்த மாதம் வந்து கால்மணி நேரம் தேடிவிட்டு, “சரி” என்று சொல்லிப் போய்விட்டார். ஏற்கெனவே ஊரோடு சேர்த்துத் திருவாங்கூரிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாற்றிவிடப்பட்ட மனிதர். ஒரு முகத்துக்காக அவர் சத்தம் போடவில்லை. ஆகவே அரைப்படி பொடி போதும். மீனுக்குக் கேடில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். பொடியை இடித்து, சலித்து, டப்பாவில் போட்டு வைத்தாள். பன்னிரண்டு நாள் அந்த டப்பாவைத் திறக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதின்மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கோமதியம்மாள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்ததும் பிச்சம்மாள் போய்ப் பக்கத்தில் குத்தவைத்து உத்தரவைச் சொன்னாள்.

கோமதியம்மாள் அழவில்லை. மடியிலிருந்த சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த ஒண்ண மட்டும் விட்டுவைக்க எவ்வளவு ஆகும்?”

“வெலைக்குக் குடுக்குத சாமான் இல்ல ஆச்சி அது.”

“வெலையில்லாத சாமான்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் சிரிப்பாரு. சும்மா சொல்லுட்டி.”

“ஒண்ண விட்டா முப்பத்தெட்டையும் விட்ட மாதிரிதான். ஒரு மூஞ்சி இருந்தாலும் அழுக்குன்னுதான் எழுதுவான். எனக்குச் சீட்டக் கிழிச்சிருவான். மறுபடியும் பொட்டலம் கட்டணும். அதுல நாலு மாசந்தான் ஆச்சி கஞ்சி.”

கோமதியம்மாள் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சம்பந்தமில்லாத பேச்சு என்று பிச்சம்மாள் நினைத்தாள். “கடையில ஒரு வெங்கலப் பானை கெடக்கு, அடி ஓட்டை. பதினோரு வருஷமா வழிய மறிச்சிக்கிட்டுக் கெடக்கு. தூரப் போடச் சொன்னா பரமசிவன் கையெடுத்துக் கும்பிடுதாரு. ‘ஆச்சி, அது இருப்புல ஏறிட்டு’ங்காரு. இருப்புல ஏறினத எறக்கணும்னா ஏன் எறக்குதோம்னு எழுதணும், என்ன வெலைக்கு எறக்குதோம்னு எழுதணும். அதுக்குப் பயந்துதான் அது அங்கனயே கெடக்கு.” சொல்லிவிட்டு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “ஒங்க சர்க்காருக்கும் அப்படி ஒரு புஸ்தகம் இருக்குமே.”

இருந்தது. மேஜை இழுப்பறையில், இருப்புப் பதிவேடு என்ற பெயரில், பதின்மூன்று பக்கம் எழுதியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு, பிச்சம்மாள் பதினாலாம் பக்கத்தைத் திறந்து தன் கோணல் கையெழுத்தில் எழுதினாள். உயிரினம்: முகம். எண்ணிக்கை: முப்பத்தெட்டு. பிறப்பிடம்: தென்காசி வட்டாரம். இருப்பிடம்: ஏழாம் தொட்டி. ஆகாரம்: கிடையாது. டப்பாவிலிருந்த பொடியை எடுத்துப்போய் அன்றைக்குத் தலைக்குத் தேய்த்துக் குளித்தாள்.

ஆய்வாளர் ஏசுதாசன் ஐந்து நாள் தாமதமாக, அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். உத்தரவு ஒரு கையில், பதிவேடு ஒரு கையில். முதல் ஆறு தொட்டிகளிலும் மீனை எண்ணினார். எல்லாவற்றிலும் பதிவேட்டைவிடக் குறைவு. அதை அவர் எதிர்பார்த்தே வந்திருந்தார். அவருடைய பதினெட்டு வருஷ சர்வீசில் எந்த ஊரிலும் எந்த இருப்பும் சரியாக இருந்ததில்லை. ஏழாம் தொட்டியில் எண்ணினார். மறுபடி எண்ணினார். முப்பத்தெட்டு. பதினாலாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இதென்னம்மா, மனுஷ மூஞ்சி மாதிரில்லா இருக்கு?”

“மனுஷ மூஞ்சிதான் சார். வட்டாரத்து மனுஷன்.”

“வட்டாரத்து ஆளுதான்னு எப்படித் தெரியும்?”

“எண்ணெயப் பாத்தாலே தெரியும் சார். எல்லாம் நல்லெண்ண. மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுன்னா தேங்கா எண்ண வாசம் வரும்.”

“சரி. பார்வையாளர் முகத்த அப்புறப்படுத்தணும்னு ஆர்டர்ல தெளிவா இருக்கே.”

“பார்வையாளர்னா சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய போயிரணும்னு வாசல்லயே எழுதியிருக்கு சார். இதுக ஏழு வருஷமா ஒரு நாளும் போகல. அப்ப பார்வையாளர்ல எப்படிச் சேரும்?”

ஏசுதாசன் தரையில் உட்கார்ந்திருந்த கோமதியம்மாளைக் காட்டி, “இந்த அம்மா?” என்று கேட்டார். “அது பார்வையாளர் சார். டிக்கெட் இருக்கு,” என்றாள் பிச்சம்மாள். கோமதியம்மாள் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள், முகத்தைத் திருப்பவில்லை.

பதிவேட்டிலிருந்து ஓர் உயிரினத்தைக் கழிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. மூன்று பிரதி. ஆய்வாளர் மேஜையில் உட்கார்ந்து அதை எடுத்து, தாளுக்கு நடுவே கார்பனைச் செருகி, எழுத ஆரம்பித்தார். பிச்சம்மாள் வாசல்படியில் நின்றாள். எழுத்து முன்னேறிக்கொண்டே போயிற்று. இனம் எழுதினார், எண்ணிக்கை எழுதினார், இறந்த காரணம் என்ற இடத்தில் யோசித்து ‘இறக்கவில்லை’ என்று எழுதினார். அதற்கு அடுத்த கட்டத்தில், கழிக்கப்படும் நாளில் ஒன்றுக்குச் சந்தை விலை என்ன என்று கேட்டிருந்தது. பேனா நின்றது. எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். பேனாவை உதறினார். மறுபடி போனார். இரண்டாம் தடவை கோமதியம்மாளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று, அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பார்த்தார். திரும்பி வந்து மூன்று பிரதியையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பேர்ப்பலகை இல்லையேம்மா. எல்லாத் தொட்டிக்கும் இருக்கு, இதுக்கு ஏன் இல்ல? அதுக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதுதேன்,” என்றார். எண்ணிக்கை சரியாக இருந்த ஒரே இனம் என்று பதினாலாம் பக்கத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆகாரச் செலவு இல்லை என்பதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

1964 தை மாதம் பிச்சம்மாளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. ‘தென்காசி முகம். நன்னீர் வகை. தீங்கு செய்யாது’ என்று பலகை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கடையநல்லூர்ப் பள்ளி ஒன்றில் பரீட்சைக்குக் கேள்வியாகவும் வந்தது, பாதிப் பேர் சரியாக எழுதினார்கள். முகத்துக்குரியவர்களில் இருவர் ஊர்மாறிப் போனார்கள், ஐவர் இறந்தார்கள். தொட்டியில் எந்த மாற்றமும் இல்லை. ‘எண்ணெயோடு கண்ணாடியைத் தொடாதீர்’ என்று இன்னொரு பலகை வைத்தபின் புதிதாக எதுவும் ஒட்டவில்லை. கோமதியம்மாள் தலை நரைத்தது. கடையைப் பரமசிவன் பார்த்துக்கொண்டார்.

1966 ஆடிச் செவ்வாய் ஒன்றில் கோமதியம்மாள் காலைப் பஸ்ஸுக்கு வராமல் பத்து மணிப் பஸ்ஸுக்கு வந்தாள். கையில் சின்னப் பித்தளைச் செம்பு. கணவர் போனபின் அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டிருந்தாள் என்று பிச்சம்மாளுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கிக்கொண்டு, வாசல் தூணுக்குப் பின்னால் நின்று, செம்பிலிருந்த நல்லெண்ணெயை நெற்றியிலும் கன்னத்திலும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள். பிச்சம்மாள் பலகையைப் பார்த்தாள்; பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஊறணுமே ஆச்சி. அரைமணி நேரம் இருங்க.”

“இருக்கேன். எனக்கென்ன அவசரம்.”

அரைமணி நேரம் கழித்து அவள் ஏழாம் தொட்டியில் முகத்தை வைத்து அழுத்தினாள். மீனைத் தேடவில்லை. கல்லின் பக்கத்தில் இருந்ததையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று பிச்சம்மாள் கணக்கு வைக்கவில்லை. எடுத்தபின் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அருவிக்குப் போய்க் குளித்தாள், மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போனாள். எட்டாம் நாள் அவள் விட்டுப்போன முகம் கண்ணாடியை விட்டு விலகிக் கல்லின் பக்கம் மிதந்து போயிற்று. அங்கே இருந்த முகம், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, மீனை விட்டுத் திரும்பிப் பார்த்தது. அதன்பின் கோமதியம்மாள் செவ்வாய்க்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். பஸ் கட்டணமும் அந்த வருஷம் ஏறியிருந்தது.

1967 மார்ச்சு முப்பத்தொன்றாம் தேதி இருப்பு எடுத்தார்கள். முகம் என்ற இனத்தில் ஒன்று கூடியிருந்தது. கூடினால் அது எப்படி வந்தது என்று பதிவேட்டில் காட்ட வேண்டும். கொள்முதல், பிடிப்பு, இனப்பெருக்கம், இடமாற்றம் என்று நாலு கட்டம் உண்டு. பிச்சம்மாள் முதல் மூன்றையும் அடித்துவிட்டு நாலாவதில் எழுதினாள்: தென்காசியிலிருந்து, கணவர் இருக்கும் இடத்துக்கு. புதிதாக வந்திருந்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, சர்க்கார் விதியில் அதற்கு இடம் உண்டு என்றார். அவ்வருஷக் கணக்கு: விரால் பத்துக்கு ஏழு. கெளுத்தி இருபதுக்குப் பதினாறு. ஆமை நாலுக்கு மூன்று. ஒன்று எங்கே என்று தெரியவில்லை. முகம் முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது.